அடிமைச் சிறுவன் பேராயரான வரலாறு

வெள்ளிவிழா மலருக்கு நம் இளைஞர்கள் படித்துப் பயன்பெறத்தக்க பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு சங்கச் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அண்ணல் அம்பேத்கரைப் பற்றியும் தாத்தா இரட்டைமலை சீனிவாசனாரைப் பற்றியும் என்னினும் நன்கு எழுதவல்ல அன்பர்கள் இம்மலரில் எழுதுவர் என்னும் நம்பிக்கையால், நம்மவரில் பலர் பெயரும் கேட்டிராத ஒருவரை நான் தேர்ந்துகொண்டேன். அவர் நம் நாட்டினர் அல்லர். எனினும் அவர் பட்ட பாடு நமக்கு அந்நியமானதன்று.

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்று நைஜீரியா என வழங்கும் நாட்டில், யொருபா என்னும் பேரினத்தார் வாழ்கின்றனர். அந்நாட்டின் ஒசோகுன் என்னும் ஊரில் 1809-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் அஜாயி. தந்தை நெசவுத் தொழில் செய்தவர். 1821-ஆம் ஆண்டு ஒரு நாள் காலையில், வீடுகளில் காலை உணவு ஆக்கிக்கொண்டிருந்த வேளையில், அடிமை பிடிப்போர் படையாகத் திரண்டு வந்து ஊரை வளைத்துக்கொண்டனர். தந்தை ஓடிவந்து, தப்பிச் செல்லுமாறு மனைவி மக்களிடம் கூறிவிட்டு மீண்டும் போருக்குச் சென்றார். மகன் அவரைக் கண்டது அதுவே கடைசி. தாயும், அஜாயியும், கைக்குழந்தை உள்ளிட்ட இரு தங்கையரும் புதர்களிடையே ஓடுகையில் பிடிபட்டனர். கழுத்தில் கயிற்றுச் சுருக்கு வீசிப் பிடித்து, ஆடுகளைப் பிணைப்பதுபோல் ஒருவரோடு ஒருவரைப் பிணைத்து அவர்களை ஓட்டிச் சென்றனர். ஊர் எரிந்தது. அன்று அஜாயிக்கு வயது பன்னிரண்டு அல்லது பதின்மூன்று இருக்கலாம்.

அதன் பின்னர் அச்சிறுவன் கைமாறிய கதை நெஞ்சை உருக்குவது. முதலில் ஒரு குதிரைக்கு ஈடாக அவனைக் கொடுத்தார்கள். குதிரை பிடிக்கவில்லையென்று திருப்பியனுப்பப்பட்டான். பின்னர் புகையிலைக்கும் சாராயத்துக்கும் மாற்றாக விற்கப்பட்டான். தாயை விட்டுப் பிரிக்கப்பட்டான். கடற்கரைப் பக்கம் கொண்டுசென்று வெள்ளையரிடம் விற்றுவிடுவார்கள் என்று அஞ்சி, இடுப்புக் கச்சையால் கழுத்தை இறுக்கி உயிரை மாய்த்துக்கொள்ள இரவில் முயன்றான், துணிவு வரவில்லை. இறுதியில் லாகோஸ் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தான். அங்கே பெரியவர்களையும் சிறுவர்களையும் ஒரே நீண்ட சங்கிலியில் கழுத்தோடு கழுத்தாகப் பூட்டினர். பெரியவர்கள் நெருக்கம் தாளாது சங்கிலியைத் தம் பக்கம் இழுக்கும்போதெல்லாம் சிறுவர்களுக்கு மூச்சு முட்டும்.

1822-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் எஸ்பெரான்சா பெலிஸ் என்னும் போர்த்துக்கீசியக் கப்பலில் 187 அடிமைகள் ஏற்றப்பட்டனர். அவர்களுள் அஜாயியும் ஒருவன். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1807-இலேயே அடிமை வாணிகத்தைத் தடைசெய்திருந்தது. அத்தடையை நிறைவேற்ற மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சுற்றி வந்தன. ஹென்றி லீக் என்னும் தலைவரின் கீழ் வந்த மிர்மிடன் என்னும் போர்க்கப்பல், அடிமைக் கப்பல் புறப்பட்ட சிறிது பொழுதிலேயே அதனைப் பிடித்துவிட்டது. சிறுவர்கள் போர்க்கப்பலுக்கு மாற்றப்பட்டனர். அங்கே தொங்கிய பன்றி இறைச்சியையும், அடுக்கி வைத்திருந்த பீரங்கிக் குண்டுகளையும் கண்டு, முன்னர் வந்தவர்களை வெட்டித் தொங்கவிட்ட உடல்களும் தலைகளும் அவையென்று எண்ணி நடுங்கினராம். அருகிற்சென்று பார்த்த பின்னரே அச்சம் நீங்கியது. விடுதலை செய்ய வந்தவனையும் நம்பமுடியாதபடி மனிதனை ஆக்கிவிடுவது அடிமைத்தனத்தின் கொடுமைகளுள் ஒன்று.

அக்கப்பலில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியையும் குறிப்பிட வேண்டும். அவனை விலைக்கு வாங்கிய போர்த்துக்கீசியன் இப்போது கைதியாக அங்கே நின்றிருந்தான். பக்கத்தில் அவன் மகன். அச்சம் தெளிந்த அஜாயி அவனிடம் சென்று தலையில் ஓங்கி அடித்தான். பதினைந்து ஆண்டுகள் கழித்து, தன் வரலாற்றைத் தானே எழுதியபோது, தான் செய்தது இரக்கமற்ற, தீய செயல் என்று குரௌதர் எழுதினார். மகன் பார்த்துக்கொண்டிருக்கத் தந்தையை அடித்தது அவர் மனத்தை உறுத்தியிருக்க வேண்டும். என்னைக் கேட்டால், சங்கிலியில் மூச்சுத் திணறிய பிள்ளை அடித்த அந்த ஓர் அடியை எந்த நீதிமன்றமும் குற்றமாகக் கொள்ளாது. ஆயினும் அவர் தம்மைத் தாமே மன்னிக்கவில்லை. அடித்த கைக்கும் வருந்திய நெஞ்சுக்கும் இடையே நிகழ்ந்தது என்ன என்பதே அவர் வாழ்க்கை வரலாறு.

1822 ஜூன் மாதம் மிர்மிடன் அவனைச் சியரா லியோன் நாட்டின் பிரீடவுன் நகரில் இறக்கிவிட்டது. அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டோரைக் குடியேற்றிய இடம் அது. பல இனத்தவர், பல மொழியினர், எல்லாரும் இழந்தவர்கள். அருகிலுள்ள பாதர்ஸ்ட் என்னும் சிற்றூரில், நம் திருநெல்வேலிச் சீமையிலும் பின்னாளில் பெயர்பெற்ற அதே சர்ச் மிஷன் சங்கத்தாரின் பள்ளியில் அஜாயி சேர்க்கப்பட்டான். பகலில் தச்சுவேலை கற்றுக்கொண்டான். எழுத்தறியாது வந்தவன் ஆறே மாதத்தில் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டைப் படிக்கும் நிலைக்கு வந்துவிட்டான். ஆறு மாதம் என்பதை நம் மாணவர்கள் மறுமுறை படிக்க. 1825-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்று, இங்கிலாந்துக் குருவானவர் ஒருவரின் பெயரால் சாமுவேல் குரௌதர் ஆனான். ஆயினும் அஜாயி என்னும் தாய்வீட்டுப் பெயர் அழியவில்லை. வரலாறு அவரைச் சாமுவேல் அஜாயி குரௌதர் என்றே அறியும்.

1827-இல் பூரா பே என்னுமிடத்தில் தொடங்கிய கல்லூரியின் முதல் மாணவர்களுள் அவர் ஒருவர். அங்கேயே ஆசிரியரும் ஆனார். அசானோ என்னும் சூசன் அம்மையாரை மணந்தார். அவ்வம்மையாரும் அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டவரே.

1837-இல் குரௌதர் தாம் அடிமைப்பட்ட வரலாற்றைச் சங்கத்துச் செயலாளருக்குக் கடிதமாக எழுதினார். என் பள்ளிப் பணியில் ஆண்டுதோறும் சேர்க்கைப் படிவம் நிரப்பும் வேளையில் நான் காணும் காட்சி ஒன்றுண்டு. தந்தையின் தொழில் என்ன, சாதி என்ன என்னும் வினா வரும்போது, நம் பிள்ளைகளின் குரல் தாழ்ந்துவிடும். சிலர் பதில் சொல்லாமல் தரையைப் பார்ப்பர். ஏன், நாற்பது ஆண்டுகளுக்கு முன் நானும் அவ்வாறே நின்றவன்தான். கடந்த காலத்தை விட்டுவிடுதல் என்பதை அதனை மறைத்துவிடுதல் என்று நாம் பிழையாக எண்ணிக்கொள்கிறோம். குரௌதர் மறைக்கவில்லை. குதிரைக்கு மாற்றப்பட்டதையும், கயிற்றில் பிணைக்கப்பட்டதையும், கச்சையால் கழுத்தை இறுக்கியதையும் ஒன்றுவிடாமல் எழுதினார். அடிமைப்பட்ட அந்நாளைத் துயர நாள் என்று கூறிவிட்டு, வேறொரு வகையில் அதனைப் பேறுடைய நாள் என்று சொல்லக் கற்றிருக்கிறேன் என்றும் எழுதினார். அதன் வழியாகவே தாம் கிறிஸ்துவை அறிய நேர்ந்தது என்பது அவர் கருத்து. அடிமைத்தனத்துக்கு நற்சான்று வழங்குவதாக யாரும் இதனைக் கொள்ளலாகாது. அவ்வாணிகத்தை ஒழிக்கவே அவர் வாழ்நாளெல்லாம் உழைத்தார். தமக்கு நேர்ந்த தீமையின் கையில் தம் எஞ்சிய வாழ்க்கையை ஒப்படைக்க அவர் மறுத்தார் என்றே நான் பொருள் கொள்கிறேன்.

1841-இல் நைஜர் ஆற்றின் வழியே உள்நாட்டுக்குள் சென்று அடிமை வாணிகத்துக்கு மாற்றாக நேர்மையான வாணிகத்தை ஏற்படுத்த, பிரிட்டிஷ் அரசு மூன்று நீராவிக் கப்பல்களை அனுப்பியது. ஷோன் என்னும் ஜெர்மானிய மிஷனரியுடன் குரௌதரும் சென்றார். சென்ற ஐரோப்பியர் 145 பேரில் 130 பேர் காய்ச்சலில் வீழ்ந்தனர். நாற்பது பேரளவு மாண்டனர். ஆப்பிரிக்காவுக்குத் தொண்டு செய்ய ஆப்பிரிக்கரே வேண்டும் என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது. குரௌதர் இங்கிலாந்துக்கு அழைக்கப்பட்டு 1843-இல் குருப்பட்டம் பெற்றார். அதே ஆண்டில் யொருபா மொழிக்கு அவர் தொகுத்த சொற்கோவை வெளிவந்தது.

அடுத்த ஆண்டு பிரீடவுனில் முதன்முதலாக யொருபா மொழியில் ஆராதனை நடத்தினார். இங்கே அம்மொழியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். யொருபா மொழியில் ஒரே எழுத்துகளாலான சொல், ஒலி உயர்ந்தால் ஒரு பொருளும் தாழ்ந்தால் வேறொரு பொருளும் தரும். அதற்கு எழுத்து வடிவம் அமைப்பது எளிதன்று. சிறுவயதில் பிரிந்த மொழியை அவர் முதியவர்களிடம் அமர்ந்து மீண்டும் கற்றார். பழமொழிகளைத் திரட்டினார். எந்த ஊரில் எந்தச் சொல் வழங்குகிறது என்று ஆராய்ந்தார். இலக்கணம் எழுதினார். உரோமர் நிருபம் யொருபாவில் 1850-இல் அச்சேறியது. விவிலியம் முழுவதும் 1880-களில் நிறைவுற்றது. அவரும் அவருடைய துணைவர்களும் வகுத்த எழுத்துமுறையே பிற்கால யொருபா எழுத்துக்கு அடிப்படையாயிற்று.

கதையை விட்ட இடத்திற்கு வருவோம். 1845 ஜனவரியில் குரௌதர் இரு ஐரோப்பிய மிஷனரிமாருடன் பாடாகிரி என்னும் கடற்கரை ஊரில் இறங்கினார். அபெயோகுட்டா என்னும் நகருக்குப் போவதே நோக்கம். அடிமை பிடிப்போருக்குத் தப்பி ஓடிவந்த பல ஊர் மக்கள் பெரும் பாறைகளின் நிழலில் கூடி அமைத்த நகரம் அது. வழியில் போர் நடந்ததால் ஒன்றரை ஆண்டு காத்திருந்து, 1846 ஆகஸ்டு மாதத்தில் அங்குச் சேர்ந்தனர்.

சில நாள்களுக்குள் அவருடைய தாயார் அபாலா அவரைத் தேடிவந்தார். பிரிந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கறுப்பு அங்கி அணிந்து நின்ற குருவானவரைத் தாயார் பார்த்தார். மகன் தாயைப் பார்த்தார். இருவராலும் பேச முடியவில்லை. கைகளைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் ஒருவரையொருவர் நோக்கி நின்றனர்; கண்ணீர் பெருகியது. நம்பிக்கை இழந்துபோன நிலையில், தேடாமலேயே அன்னை கிடைத்தார் என்று அவர் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். சகோதரிகளையும் அவர்தம் மக்களையும் கண்டார். 1848-இல் தாயார் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு இட்ட பெயர் அன்னாள். திருமறையில் சாமுவேலின் தாய் பெயரும் அன்னாள்தான் என்பதை நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அறிவர்.

அபெயோகுட்டாவில் அவர் அறிவுரை கூறியவர்களுள் பிறரை அடிமையாக விற்றுப் பிழைத்தவர்களும் இருந்தனர். அவர்களிடம் அவர் பழைய கணக்கைத் தீர்க்க வரவில்லை. பள்ளி வைத்தார், பருத்தி பயிரிடச் சொன்னார், தச்சுவேலையும் எழுத்தும் கற்பித்தார். மனிதரை விற்றுத்தான் பிழைக்கவேண்டும் என்னும் நிலையை மாற்றாமல் அவ்வாணிகம் ஒழியாது என்பதை அவர் அறிந்திருந்தார். 1851-இல் இங்கிலாந்து சென்றபோது விக்டோரியா அரசியாரையும் அவர் கணவர் ஆல்பர்ட் இளவரசரையும் கண்டு, நிலப்படத்தை விரித்து அடிமை வாணிகத்தின் நிலையை எடுத்துரைத்தார். கேட்கப்பட்டதன்பேரில் பரமண்டல ஜெபத்தை யொருபா மொழியில் சொல்லிக் காட்டினார். சாராயத்துக்கு விற்கப்பட்டவனின் தாய்மொழி வின்ட்சர் அரண்மனையில் ஒலித்தது.

1854-இல் நைஜர் ஆற்றில் மற்றொரு பயணம். இம்முறை கொய்னா மருந்து தவறாது உட்கொள்ளப்பட்டதால் ஓர் உயிரும் போகவில்லை. 1857 முதல் ஆற்றங்கரையில் ஒனிட்சா முதலிய இடங்களில் சபைகள் எழுந்தன. அங்கே பணிசெய்தவர்கள் அனைவரும் ஆப்பிரிக்கர். பெரும்பாலோர் சியரா லியோனில் குடியேறிய, மீட்கப்பட்ட அடிமைகள் அல்லது அவர்தம் மக்கள்.

சங்கத்தின் செயலாளராக அப்போதிருந்த ஹென்றி வென் தொலைநோக்குடையவர். ஒரு நாட்டுச் சபை தன் பொருளால் தானே நின்று, தன்னைத் தானே ஆண்டு, தானே பெருகவேண்டும் என்பது அவர் கொள்கை. அவரே குரௌதரைப் பேராயர் பதவிக்குத் தெரிந்தெடுத்தார். குரௌதர் தயங்கினார், வற்புறுத்தியே இசைவு பெறவேண்டியதாயிற்று. 1864-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் கான்டர்பரி பேராலயத்தில் அவருக்குப் பேராயர் திருநிலைப்பாடு நடைபெற்றது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயர் அவரே. கூடியிருந்த மக்கள் நடுவே முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். மிர்மிடன் கப்பலின் தலைவராயிருந்து அச்சிறுவனை மீட்ட ஹென்றி லீக் அவர்; அப்போது கடற்படைத் தளபதி. பாதர்ஸ்டில் அச்சிறுவனுக்கு எழுத்து கற்பித்த அம்மையாரும் வந்திருந்தார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. இந்தியாவில் ஓர் இந்தியர், நம் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஆங்கிலிக்கன் பேராயரானது 1912-இல்தான் என்பதை ஒப்புநோக்கினால் இதன் அருமை விளங்கும்.

இவ்விடத்தில் கதையை முடித்துவிட்டால் மேடையில் பேச இனிமையாக இருக்கும். ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று. அபெயோகுட்டாவில் அவருடன் உழைத்த ஐரோப்பிய மிஷனரியான ஹென்றி டவுன்சென்ட் என்பவரே, கறுப்பர் ஒருவரின் கீழ் வெள்ளையர் பணிசெய்வது தகாது என்று எதிர்த்தார். ஆகவே பிரிட்டிஷ் ஆட்சி எல்லைக்கு அப்பாற்பட்ட மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு மட்டுமே அவர் பேராயர் என்று வரையறுத்தார்கள். லாகோஸ் அவர் ஆளுகைக்கு வெளியே. அபெயோகுட்டாவின் ஐரோப்பிய மிஷனரிமாரும் அவர் கைக்குள் வரவில்லை. தாய்மொழியில் வேதத்தைத் தந்த மக்களுக்கு அவர் பேராயர் அல்லர். தாம் மொழி அறியாத நைஜர் கரை மக்களுக்குப் பேராயர். நாற்காலி தருவார்கள், ஆனால் அதனை எங்கே போடுவது என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள். நம்மில் அலுவலகங்களில் பணியாற்றுவோருக்கு இது விளங்காமற்போகாது.

குரௌதர் அதற்காகப் பணியை விடவில்லை. 1867-இல் இடா என்னும் இடத்தருகே அபொக்கோ என்னும் குறுநிலத் தலைவன் அவரையும் மகன் தாண்டசனையும் பிடித்து அடைத்துவைத்து மீட்புப் பணம் கேட்டான். ஏறத்தாழ அறுபது வயதில் இரண்டாம் முறையாகச் சிறைப்பட்டார். அவரை மீட்கவந்த பிரிட்டிஷ் துணைத் தூதர் ஃபெல் என்பவர் நச்சு அம்பு தைத்து இறந்தார். விடுபட்ட பேராயர் மீண்டும் ஆற்றிலேயே பயணம் செய்தார்.

1873-இல் ஹென்றி வென் மறைந்தார். ஐரோப்பிய நாடுகள் ஆப்பிரிக்காவைப் பங்குபோட்டுக்கொண்ட காலம் வந்தது. கறுப்பர் தம்மைத் தாமே ஆளத்தக்கவர் என்னும் எண்ணம் பழங்கதையாயிற்று. கேம்பிரிட்ஜ் முதலிய இடங்களிலிருந்து பக்தி வேகமும் இளமையும் மிக்க மிஷனரிமார் சிலர் நைஜர் பணிக்கு வந்து, பேராயரின் ஊழியர்கள்மீது குற்றங்கள் சுமத்தினர். அக்குற்றச்சாட்டுகள் முழுதும் பொய்யென்று நான் கூறமாட்டேன். அவ்வளவு நீண்ட ஆற்றில், வாணிகக் கப்பலின் தயவில் பயணம் செய்து, ஊழியர் அனைவரையும் கண்காணிக்க முதியவரால் இயலவில்லை. சிலர் தவறியதும் உண்மை. பேராயர் வேண்டிய அளவினும் மென்மையாக நடந்ததும் உண்மை. ஆனால் சிலர் பிழையை எல்லார்மீதும் ஏற்றி, இனத்தின் பிழையென்று தீர்ப்பளித்தது அநீதி. 1890 ஆகஸ்டில் ஒனிட்சாவில் கூடிய நிதிக்குழுக் கூட்டத்தில், எண்பதைக் கடந்த பேராயர் தலைமை தாங்கியிருக்கவே, இருபது முப்பது வயதினர் அவர் ஊழியர்களைப் பேர்பேராகப் பதவிநீக்கம் செய்தனர். அவருடைய மகனும் அதற்குத் தப்பவில்லை.

சிறுவயதில் அடிமைப்படுத்தியவன் அந்நியன். இம்முறை அவமதித்தவர்கள் சொந்தச் சபையார், அவரோடு ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பருகியவர்கள். அடித்தவனை மன்னிப்பதினும், உடன்பிறந்தானாக அழைத்துவிட்டு ஒதுக்கியவனை மன்னிப்பது கடினம் என்பது என் எண்ணம். குரௌதர் என்ன செய்தார்? அக்குழுவிலிருந்து விலகினார். தம் ஊழியர் பக்கம் நின்றார். பணிந்துபோகவில்லை; பழிக்குப் பழி பேசவுமில்லை. நைஜர் கழிமுகத்துச் சபைகள், சங்கத்தின் பணத்தை எதிர்பாராமல் தம் பொருளாலேயே தனித்து நிற்பதற்கான ஏற்பாட்டுக்கு ஆதரவு தந்தார். அது நிறைவேறுமுன் 1891 டிசம்பர் 31-ஆம் நாள் லாகோஸ் நகரில் காலமானார். அடுத்த ஆண்டு மகன் தாண்டசன் தலைமையில் அச்சபைகள் தனித்து இயங்கத் தொடங்கின.

அவருக்குப் பின் ஓர் ஆங்கிலேயரே பேராயராக நியமிக்கப்பட்டார். உதவிப் பேராயர்களாக மட்டும் ஆப்பிரிக்கர் சிலர் அமர்த்தப்பட்டனர். தனிப் பேராயம் ஒன்று மறுபடியும் ஆப்பிரிக்கர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அவருடைய மகள் அபிகாயிலை மணந்த மெக்காலே என்பார், லாகோஸில் 1859-இல் தொடங்கிய முதல் உயர்நிலைப்பள்ளியின் முதல்வர். அத்தம்பதியரின் மகன் ஹெர்பர்ட் மெக்காலே பின்னாளில் நைஜீரிய விடுதலை இயக்கத்தின் முன்னோடியானார். பாட்டனார் பேராயரான அதே 1864-ஆம் ஆண்டில் பிறந்தவர் அவர்.

2014-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள், திருநிலைப்பாட்டின் நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவில், கான்டர்பரி பேராலயத்தில் நன்றி கூறலும் மனந்திரும்புதலுமாக ஓர் ஆராதனை நடைபெற்றது. அன்றைய தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி, குரௌதருக்குச் சபை இழைத்த அநீதியைச் சுட்டி மன்னிப்பு வேண்டினார். அப்போது குரௌதர் மறைந்து நூற்றிருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.